முப்லிஹாவின் வலக்கை

அண்ணன் றிஸ்லான் அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தபோது முப்லிஹா குசினி வாசலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். காக்கா சாப்பிட வருகிறார் என்றுதான் நினைத்தாள். அவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. வளவின் முன்மூலையில் அவள் புதிதாகக் கட்டியிருந்த சின்ன அறைக்கு நேரே போனான். சுவரில் முதல் குத்தைக் குத்தினான்.

கல்யாணப் பெண்களுக்கு மருதோண்டி போட அவள் கட்டிய அறை அது. காத்தான்குடியில் மட்டுமல்ல, ஏறாவூர், ஓட்டமாவடி வரைக்கும் முப்லிஹாவின் கைக்குப் பெயர் இருந்தது. சாந்து நிறைத்த கோனிலிருந்து தலைமயிர் கனத்தில் கோடு இறக்குவாள். முழங்கை வரைக்கும் வலை பின்னினாற்போல் போட்டு முடிக்கும்வரை கை நடுங்காது. வாப்பா மௌத்தாகிக் கண்மூடுமுன் இந்த வீடும் வளவும் அவளுக்குச் சீதனமாக எழுதப்பட்டவை. கணவன் அப்ஹாம் கத்தாரில் வாகனம் ஓட்டினான். சவூதியில் வேலை போய் ஊருக்குத் திரும்பிய றிஸ்லானுக்கு ரோட்டோரத் துண்டு வேண்டும். போன் கடை போட வேண்டும். முன்பக்கத்தை வாப்பா தனக்குத் தருவதாக வாயால் சொன்னார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவள் மறுத்தாள். மறுத்ததோடு நில்லாமல் அதே இடத்தில் சுவரையும் எழுப்பிவிட்டாள்.

இரண்டாவது குத்தில் கல் பெயர்ந்தது. முப்லிஹா ஓடினாள். தேங்காய் உடைத்த கத்தி கையில் இருப்பது அவளுக்கு நினைவேயில்லை. பிறகு நீதிமன்றத்தில் அவனுடைய சட்டத்தரணி பிடித்துக்கொண்டதும் இதைத்தான்: கத்தியைக் கொண்டுபோனது யார்?

"என்னையா வெட்ட வாறாய்?" என்றான் றிஸ்லான். அலவாங்கைப் போட்டுவிட்டு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். கத்தி அவன் கைக்கு மாறியது. அவள் அவன் சட்டையைப் பற்றிக்கொண்டு விடவில்லை. இடதுகையால் அவன் முகத்தில் அறைந்தாள். ஒழுங்கையில் போனவர்கள் பார்க்கத் தங்கை அடித்த அடி அவனைப் பைத்தியமாக்கியது. கத்தி அவளுடைய கன்னத்தை நோக்கி வந்தது. அவள் வலக்கையை நீட்டி அதன் கூரான வாயைப் பிடித்தாள். அவன் இழுத்தான்.

வலி உடனே வரவில்லை. பெயர்ந்த கல்லிலும் பூசாத சுவரிலும் இரத்தம் தெறித்தது. அவள் விரல்களை மடக்கப் பார்த்தாள். நான்கும் மடங்கவில்லை, யாரோ ஒருவருடைய விரல்கள் போலத் தொங்கின. உள்ளங்கை வாழைமடல் பிளந்தாற்போல் கிடந்தது. றிஸ்லான் கத்தியைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தபடியே பின்வாங்கினான். பிறகு ஓடினான். பக்கத்து வளவிலிருந்து நிஸ்றா தகரவேலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தன் தாவணியைச் சுருட்டி அந்தக் கைக்குள் திணித்துக் கட்டினாள். ஓட்டோவில் ஏற்றும்போதுதான் முப்லிஹா கத்தத் தொடங்கினாள்.

மட்டக்களப்பு ஆசுபத்திரியில் வெட்டுப்பட்ட தசைநார்களைத் தேடிப் பிடித்துத் தைத்தார்கள். கண் விழித்தபோது உம்மா நஸீறா கட்டிலருகே இருந்தாள். மகளின் தலையைத் தடவிக்கொண்டே குனிந்து காதுக்குள் சொன்னாள்:

"பொலிஸ் வருவான். கண்ணாடியில வெட்டுப்பட்டெண்டு செல்லு மகள். அவன் உள்ள போனா அவன்ட குடும்பம் நடுத்தெருவில நிக்கும்."

முப்லிஹா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உம்மா அந்த வெட்டைக் கண்ணால் கண்டவள்; கிணற்றடியில் நின்றவள். பொலிஸ்காரர் வந்து கேட்டபோது முப்லிஹா நாக்கு வறள வறள, "என்ட காக்கா றிஸ்லான்" என்றாள். உம்மா எழுந்து வெளியே போனாள்.

றிஸ்லானை விளக்கமறியலில் வைத்தார்கள். அப்ஹாம் தினமும் வீடியோவில் வந்து அழுதான், லீவு கிடைக்கவில்லை. முப்லிஹாவின் கையை விரல்கள் கொஞ்சம் குனிந்த நிலையில் ஒரு பிளாஸ்டிக் தாங்கியில் வைத்துக் கட்டினார்கள். பிசியோதெரபிப் பகுதியில் அவளைப் பொறுப்பெடுத்தவள் கேதீஸ்வரி. கல்லடிக்காரி, அவளுக்கு ஒத்த வயது. முதல் நாளே கட்டை அவிழ்த்துத் தையலைப் பார்த்துவிட்டு, இந்தக் கை என்ன செய்யவேண்டும் என்று ஆசை என்று கேட்டாள். சும்மா சுகமாக வேண்டும் என்றால் போதாதாம். குறி ஒன்று வேண்டும். கைக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று.

முப்லிஹா யோசித்துச் சொன்னாள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிய நிஸ்றாவுக்குக் கல்யாணம். இரண்டு கைக்கும் முழங்கை வரை போட்டுத் தருவதாக வெட்டுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதைச் செய்யவேண்டும்.

"இன்னும் என்னவும் இரிக்கா?"

"இரிக்கு மிஸ். அவன்ட கழுத்தப் பிடிக்கணும். மூச்சு நிக்குமட்டும் பிடிக்கணும்."

கேதீஸ்வரி புத்தி சொல்லவில்லை. விரல் நுனிகளை ஒவ்வொன்றாக மெல்ல மடக்கி விட்டுக்கொண்டே பேசினாள். "ரெண்டுக்கும் இதே விரல்தான் வேணும். ஆனா இப்ப நீங்களா இறுக்கி ஒரு பிளேன்டீக் கோப்பையும் பிடிக்கப்படாது. உள்ள தைச்சது நூல்தான். பிடிச்சா அறுந்துபோகும்."

அடுத்த கிழமைகள் அப்படியே கழிந்தன. மற்றக் கையால் விரல்களை மடக்குவாள், பிளாஸ்டிக்கின் எல்லைக்குள் தானாக நிமிர்த்துவாள், திரும்ப மடக்குவாள். ஒவ்வொரு மடக்கலுக்கும் ஒரு படம் மனதில் ஓடியது. றிஸ்லானின் கை கிரைண்டருக்குள் போகிறது. றிஸ்லானை வாவிச் சேற்றுக்குள் முகங்குப்புற அமுக்குகிறாள், குமிழி வருகிறது, நிற்கிறது. இந்தப் படங்கள் இல்லாவிட்டால் அந்த வலியோடு அவளால் பயிற்சியை முடிக்க முடியாமல் இருந்தது. இடதுகையால் வெள்ளைத் தாளில் கோன் பிடித்துப் பழகினாள். கோடு கம்பளிப்பூச்சி ஊர்ந்தாற்போல் போனது. தாளைக் கசக்கி எறிந்தாள். அடுத்த நாள் இன்னொரு தாள் எடுத்தாள்.

றிஸ்லானுக்குப் பிணை கிடைத்தது. தங்கையின் வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று நிபந்தனை. அவன் வீட்டுக்குள் வரவில்லைதான். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போவான், வருவான். போகும்போது தகரவேலியில் ஒரு கல் விழும். ஒவ்வொரு சத்தத்துக்கும் முப்லிஹாவின் வலக்கை தாங்கிக்குள் துடித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரம் அவள் குளித்துவிட்டு வெளியே வந்தாள். சாப்பாட்டு மேசையில் றிஸ்லான் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தான். உம்மா பக்கத்தில் நின்று மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். செய்ததற்கு மாப்புக் கேட்க வந்திருக்கிறான், கேட்டை நான்தான் திறந்தேன் என்றாள்.

றிஸ்லான் மாப்புக் கேட்கவில்லை. கத்தியைக் கொண்டுவந்தது நீதான், இழுபறியில் தவறுதலாகப் பட்டது என்று பொலிசில் சொல்லு என்றான். முப்லிஹா அவனை எழும்பி வெளியே போகச் சொன்னாள். அவன் சோற்றுத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். சோறும் மீனும் அவளுடைய ஈரத் தலையில் வந்து விழுந்தன. உம்மா குறுக்கே வந்தாள். அவன் உம்மாவைத் தள்ளினான். நெற்றி கதவு நிலையில் மோதி, நஸீறா நிலத்தில் இருந்துவிட்டாள். புருவத்தின் மேல் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வடிந்தது.

"உம்மாவ அடிக்கிறியா நாயே" என்று முப்லிஹா பாய்ந்தாள். அவன் அவளுடைய கட்டுப்போட்ட கையைத்தான் பிடித்தான். எங்கே நோகும் என்று அவனுக்குத் தெரியும். பிளாஸ்டிக் தாங்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்தக் கையைப் பின்பக்கமாக முறுக்கினான். அவள் அவனுடைய தோளைக் கடித்தாள். வாயில் உப்பு ருசி வந்தபிறகும் விடாமல் கடித்தாள். அவன் அலறி உதறினான். அவள் வாசலால் வெளியே விழுந்து எழும்பி, பாதியில் நின்ற அறையின் கல்குவியலுக்குள் கிடந்த இரும்புக் குழாய் ஒன்றை எடுத்தாள். இரண்டு கையாலும் எடுத்தாள்.

பின்னால் வந்தவனின் முழங்காலுக்கு முதல் அடி. எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் மடிந்து விழுந்தான். இரண்டாவது அடி அதே இடத்தில். "புள்ள, வேணாம், நான் உன்ட காக்கா" என்று அவன் கையைத் தூக்கினான். அவள் குழாயைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். இந்த முறை முழங்கால் இல்லை. அவன் மண்டையின் உச்சியில் முடி கொட்டிய வட்டத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது உள்ளங்கைக்குள் 'டக்' என்று ஒன்று அறுந்தது. தொடர்ந்து இன்னொன்று. பிடி விட்டுப்போய், குழாய் அவளுடைய முதுகுப்பக்கம் மணலில் விழுந்தது.

அந்த நூல் தாங்கியிருந்தால் முப்லிஹா அன்று கொலைகாரி. அவள் அதை ஒருநாளும் மறுக்கவில்லை.

அண்ணனையும் தங்கையையும் உம்மாவையும் ஒரே ஆசுபத்திரிக்கு மூன்று வாகனங்களில் கொண்டுபோனார்கள். றிஸ்லானின் முழங்காலுக்குள் கம்பி வைத்தார்கள். பிணை நிபந்தனையை மீறியதற்காக அவனைத் திரும்ப மறியலில் போட்டார்கள். தங்கை தன்னைக் கொல்லப் பார்த்தாள் என்று அவனும் முறைப்பாடு கொடுத்தான். உம்மாவின் நெற்றியையும் முப்லிஹாவின் கையையும் பார்த்த பொலிஸ், தற்காப்பு என்று அதை ஓரம் வைத்தது. மோதிரவிரலின் தசைநாரைத் திரும்பத் தைத்தார்கள். சுண்டுவிரலுடையதைத் தைக்க முடியவில்லை. நுனி சிதைந்து உள்ளே இழுபட்டுவிட்டது. அது இனி மடங்காது என்று டொக்டர் சொன்னார்.

கேதீஸ்வரி கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது கோபம் அவளுடைய கழுத்தில் சிவப்பாக ஏறியது.

"அவர்ட கால உடைச்சிட்டீங்க. சரி. என்ட வேலையையும் உடைச்சிட்டீங்க. இனி முதலாம் நாள்லயிருந்து."

நிஸ்றாவின் கல்யாணத்துக்குள் முடியுமா என்று முப்லிஹா கேட்டாள். முழங்கை வரைக்கும் முடியாது என்றாள் கேதீஸ்வரி. பழைய வலைப்பின்னலும் முடியாது. அந்தச் சின்னப் பிடி திரும்ப வருமோ தெரியாது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், இந்த மூன்றையும் வைத்து என்ன போடலாம் என்று யோசிக்கச் சொன்னாள். முப்லிஹா அன்று வீட்டுக்கு வந்து தான் இதுவரை போட்ட கைகளின் படங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் அழித்துவிடவேண்டும்போல இருந்தது. போனைச் சுவரில் எறிந்தாள். பிறகு அழுதாள். வெட்டு விழுந்த நாளில்கூட அப்படி அழவில்லை.

உம்மாவும் அவளும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தார்கள். உம்மாவின் நெற்றியில் தையல் போட்ட அடையாளம் புழுப்போல நெளிந்து கிடந்தது. கேட்டுக்குப் பூட்டுப் போடுவதை இப்போது உம்மாதான் செய்தாள். போட்டுவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள்.

கையில் கட்டு அவிழ்ந்து, பஞ்சுப் பந்தை அமுக்கலாம் என்று அனுமதி கிடைத்த காலம் அது. ஒருநாள் முப்லிஹா பிசியோதெரபி அறையில் இருந்தபோது மறியல்சாலைக் காவலர் ஒருவர் றிஸ்லானைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கையில் விலங்கு. அந்த அறையில் கட்டில் மூன்றே மூன்று. அவனை அவளுக்கு எதிரே கிடத்தினார்கள். நாளைப் பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்று கேதீஸ்வரி காவலரிடம் முணுமுணுத்தாள். கொண்டுவந்தவர் திரும்பக் கொண்டுபோக மறுத்தார்.

கேதீஸ்வரி அவனுடைய குதிக்காலைப் பிடித்து முழங்காலை மடக்கத் தொடங்கினாள். றிஸ்லான் கத்தினான். மனிசர் கத்தும் சத்தமாக அது இல்லை. முப்லிஹாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எத்தனை நாள் அவள் கேட்க ஏங்கிய சத்தம். இன்னும் மடக்கு, மிஸ், இன்னும் மடக்கு என்று மனம் துள்ளியது. ஆனால் கேதீஸ்வரி, முப்லிஹாவின் விரலை எப்படி மடக்குவாளோ அதே மென்மையோடுதான் அவனுடைய காலையும் மடக்கினாள். நோகுதென்றதும் நிறுத்தினாள். மூச்சு விடச் சொன்னாள். முப்லிஹாவுக்கு அவள்மீது ஆத்திரம் வந்தது.

றிஸ்லான் வியர்த்த முகத்தைத் திருப்பி அவளைக் கண்டான். பிறகு காவலருக்குக் கேட்காதபடி, "வெளிய வந்தா உன்ட கைய முழங்கையோட எடுப்பன்" என்றான்.

கேதீஸ்வரிக்குக் கேட்டது. காலைப் பிடித்த பிடியை மாற்றாமல் சொன்னாள்: "எடுக்கப் போறதுக்கு நடக்க வேணுமே. மூச்ச விடுங்க. இன்னொருக்கா."

அவன் திரும்பக் கத்தினான். முப்லிஹா அந்தச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடிந்தபோது பஞ்சுப் பந்து தன் காலடியில் கிடப்பதைக் கண்டாள். அவன் வந்த நேரம் முதல் அவள் ஒருதரம்கூட அமுக்கவில்லை. கை விறைத்து மரக்கட்டைபோல மடியில் கிடந்தது.

அவனைக் கொண்டுபோனபின் கேதீஸ்வரி பந்தை எடுத்துக் கொடுத்தாள். முப்லிஹா அதை வாங்கிக்கொண்டு, "அவன் வாற நாள்ல என்னை வைக்காதீங்க மிஸ்" என்றாள்.

"பயமா?"

"பயமில்ல. அவன் கத்துறது எனக்கு நல்லா இரிக்கு. அதைக் கேட்டுக்கொண்டிருந்தா என்ட விரல் வேலை செய்யுதில்ல."

அன்றிலிருந்து அவளுடைய நாள் மாறியது. றிஸ்லானுக்கு நடந்த தீங்கெல்லாம் அவளுக்கு இன்னும் இனித்தது, அது போகவில்லை. ஆனால் பயிற்சி செய்யும்போது அந்தப் படங்களை ஓட்டுவதை விட்டுவிட்டாள். அவற்றை ஓட்டினால் கை இறுகிவிடுகிறது, இறுகினால் கோடு உடைகிறது என்று கண்டுகொண்டாள். பெரிய கோன் செய்து அகலமாக நுனி வெட்டினாள். வலையை விட்டாள். வாவிக்கரையில் கண்டல் வேர்கள் ஒன்றையொன்று தாண்டித் தண்ணீருக்குள் இறங்குமே, அதைப்போலத் தடித்த வளைவுகளைத் தாளில் போட்டுப் பார்த்தாள். அதற்கு மூன்று விரல் போதும். தோளிலிருந்து கையை அசைத்தால் போதும். மாதக் கடைசிக்குள் மூச்சு விடாமல் ஒரு வேர் போடவேண்டும் என்று வைத்துக்கொண்டாள். அது முடிந்ததும் புறங்கை நிறைய. முழங்கையை விட்டுவிட்டாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. றிஸ்லானின் சட்டத்தரணி முப்லிஹாவைக் கூண்டில் நிறுத்தி, கத்தியை யார் கொண்டுபோனது என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். நான்தான், தேங்காய் உடைத்த கத்தி என்றாள் ஒவ்வொரு தடவையும். அடுத்து றிஸ்லானின் தரப்பு நஸீறாவை அழைத்தது. மகனுக்குச் சாதகமாகப் பேசுவாள் என்று நினைத்துத்தான் அவர்கள் அழைத்தார்கள். அவள் முந்தானையை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு நின்றாள்.

"என்ட மகன்தான் வெட்டினான். கத்தியப் பறிச்சி முகத்துக்கு வீசினான். நான் கண்டன். கண்ணாடியெண்டு பொய் செல்லச் சென்னதும் நான்தான்."

றிஸ்லான் கூண்டுக்குள்ளிருந்து "உம்மா" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. வெளியே வந்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். முப்லிஹா இடதுகையால் அவளுடைய முதுகைத் தடவினாள். வரும் வழியில் ஓட்டோவை நிறுத்தி உம்மாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டு மீதியை உம்மா அவளிடம் நீட்டினாள். அவள் வாங்கிக் குடித்தாள்.

நிஸ்றாவின் கல்யாணத்துக்கு முதல்நாள் காலையிலேயே முப்லிஹா பக்கத்து வீட்டுக்குப் போனாள். வேறு ஆளைப் பிடிக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். நிஸ்றா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

வலக்கையின் புறத்தில் முதல் வேர் சரியாக இறங்கியது. இரண்டாவதில் விரல் பிடித்து இழுத்தது. மூன்றாவதில் ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் முறுக்கிக்கொண்டு போனது. முப்லிஹாவின் கை தானாக இறுகியது. கோன் பொத்தென்று வெடித்து, கருஞ்சிவப்புச் சாந்து நிஸ்றாவின் மணிக்கட்டெல்லாம் வழிந்தது. நிஸ்றாவின் உம்மா ஓடிவந்தாள். முப்லிஹா அந்த மணிக்கட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

"அவன் உள்ள இரிக்கான் ராத்தா. அது யாரோ" என்றாள் நிஸ்றா. "துடைச்சிட்டுப் போடுங்க."

துடைத்தாள். மங்கலாக ஒரு கறை பிடித்துவிட்டது, போகவில்லை. முப்லிஹா எழுந்து முற்றத்தில் நடந்தாள். கையை வெந்நீரில் வைத்தாள். விரல்களைக் கேதீஸ்வரி சொல்லிக்கொடுத்த விதமாக ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்தினாள். புதுக் கோன் சுருட்டினாள். பழைய காலத்தில் இரண்டு பெண்களை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் அவள் ஒரு புறங்கையைத்தான் முடித்தாள். மற்றதை அசர் தொழுகைக்குப் பிறகு முடித்தாள். மணிக்கட்டோடு நிறுத்திக்கொண்டாள். பார்க்க வந்த பெண்கள் சிலர் இது என்ன புது மாதிரி என்று கேட்டார்கள். கறையைக் கண்டு முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். ஏறாவூரிலிருந்து வந்த ஒருத்தி தன் மகளுக்கும் இதே வேர்தான் வேண்டும் என்று முப்லிஹாவின் நம்பரை வாங்கினாள்.

அன்றிரவு அவளுடைய கை வீங்கியது. கேதீஸ்வரி போனில் நன்றாக ஏசினாள். ஏசி முடிய, கல்யாணப் பெண்ணின் கையைப் படம் அனுப்பச் சொன்னாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. றிஸ்லான் மறியலில் நொண்டி நொண்டி நடப்பதாகக் கேள்வி. அவன் வெளியே வரும் நாளில் என்ன நடக்கும் என்று முப்லிஹாவுக்குத் தெரியாது. இரும்புக் குழாயை அவள் எறியவில்லை. கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறாள். மாதத்துக்கு ஒரு பெண்ணுக்குத்தான் மருதோண்டி போடுகிறாள். மற்றவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறாள். அடுத்த பெருநாளுக்குள் உள்ளங்கையிலும் போடவேண்டும் என்று வைத்திருக்கிறாள். உள்ளங்கையில் போட, நுனி இன்னும் மெல்லிசாக வேண்டும். அதற்காக ஒவ்வொரு நாளும் காலையில் குசினி மேசையில் உம்மாவை எதிரே இருத்தி, அவளுடைய உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கோடு போடுகிறாள். சரிவராவிட்டால் உம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து திரும்ப நீட்டுகிறாள்.